பத்து வயதான நாஸ் பெட்டி: எதில் காசு போடுவது?

சேலத்தில் ஏப்ரல் பிறந்துவிட்டால் பழைய நாஸ் பெட்டிகள் (வீட்டு ஃபைல்களைச் சேர்த்து வைத்து நெட்வொர்க் வழியாகத் தரும் டிஸ்க் பெட்டிகள்) தானாக அணைய ஆரம்பிக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, கரண்ட் போய் வந்ததும் ஒரு தடவை. பிறகு ஒரு நாள் பட்டனை அமுக்கினால் விளக்கு மட்டும் மினுக்கும், டிஸ்க் சுழலாது. 2013-லிருந்து 2016-க்குள் வாங்கிய நான்கு டிஸ்க் பெட்டி. உள்ளே 3 டிபி, 4 டிபி டிஸ்க்குகள். அவற்றில் கல்யாண வீடியோ, பிள்ளைகளின் படங்கள், கடைக் கணக்கு, பத்திர ஸ்கேன். இப்போது கைவசம் உள்ள வழிகள் ஐந்து. இருப்பதைப் பழுது பார்ப்பது, டிஸ்க்கை மட்டும் மாற்றுவது, மதர்போர்டை மாற்றுவது, செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரை நாஸாக்குவது, ரெடிமேடாகப் புதுப் பெட்டி வாங்குவது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலான வீடுகளுக்கு முதல் பணம் டிஸ்க்குக்கு, அடுத்தது யுபிஎஸ்ஸுக்கு, கடைசியாகத்தான் பெட்டிக்கு. ஆனால் பலரும் முதலில் தேடுவது புது ப்ராசஸரை. வீட்டில் ஓடும் கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பிக்குச் சற்று மேல்தான் போகும். 2013-ல் வந்த எச்பி மைக்ரோசர்வர் ஜென்8-ல் இருக்கும் செலரான் ப்ராசஸரே அந்த வேகத்தைக் கொடுத்துவிடும். அதன் கடைசி இரண்டு டிஸ்க் இடங்கள் பழைய 3 கிகாபிட் சாட்டா (டிஸ்க் இணைப்பு) தான் என்று கவலைப்படுவார்கள். அந்த 3 கிகாபிட் என்பது நொடிக்கு ஏறக்குறைய 300 எம்பி. வீட்டுக்கு வாங்கும் சுழலும் டிஸ்க் எதுவும் அதை நிரப்பாது. பெட்டி "ஸ்லோவாகிவிட்டது" என்று தோன்றினால் காரணம் வைஃபையாக இருக்கும், இல்லையென்றால் கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க் ஒரே செக்டரை (டேட்டா எழுதும் சிறு துண்டு) திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதாக இருக்கும். வீடியோவை டிவிக்கு ஏற்றபடி அப்போதைக்கப்போது மாற்றி அனுப்பும் வேலை இருந்தால் மட்டும் ப்ராசஸர் பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

முதலில் ஒரு சாயங்காலம் அளந்து பாருங்கள்

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன், பெட்டி இன்னும் ஓடுகிறது என்றால், அதிலிருந்து ஈடு செய்ய முடியாத ஃபைல்களை ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். சினிமாவும் டவுன்லோடும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படமும் பத்திரமும் பெரும்பாலும் 1 டிபிக்குள் அடங்கும். ரெய்டு என்பது பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டா தங்கும்படி வைக்கும் முறை. காப்பி எடுக்காமல் அதன் ரீபில்டைத் தொடங்குவது டேட்டா போவதற்கு ஒரு பெரிய காரணம். ரீபில்டு என்றால் மிச்சமிருக்கும் எல்லா டிஸ்க்கையும் தலை முதல் கால் வரை படிப்பது. அவையும் அதே வயதுடையவை.

அடுத்து ஸ்மார்ட் அறிக்கை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் பட்டியல். அதில் நூறு வரி இருந்தாலும் பார்க்க வேண்டியது நான்கைந்துதான். 5-வது எண் ஏற்கெனவே ஒதுக்கி மாற்றிய செக்டர்கள். 197 படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை, 198 சோதனையில் மீளாதவை. 197 பூஜ்யத்தைத் தாண்டினாலே அந்த டிஸ்க்கை முதன்மை டேட்டாவுக்கு நம்பக் கூடாது. 5-ல் எட்டோ பத்தோ வந்து வருஷக்கணக்கில் அப்படியே நின்றால் பரவாயில்லை. வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் முடிந்தது. 199 மட்டும் வேறு ஜாதி. அது டிஸ்க்கின் நோயில்லை, கேபிளும் கனெக்டரும் செய்யும் கோளாறு. இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. கேபிளைக் கழற்றிச் செருகுங்கள், அல்லது மாற்றுங்கள். எண் அதே இடத்தில் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. அது ஒருபோதும் பூஜ்யத்துக்குத் திரும்பாது, ஏறாமல் நின்றால் போதும்.

மூன்றாவது, கரண்ட். ஒரு மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, உபயோகத்தில் இல்லாத ஒரு மின் கனெக்டரின் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவில் பிடியுங்கள். பெட்டி சும்மா இருக்கும்போது 12.1 காட்டும். அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்து, நான்கு டிஸ்க்கும் ஒன்றாகச் சுழலத் தொடங்கும் அந்த ஏழெட்டு நொடிகளில் மீட்டரையே பாருங்கள். ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும்; நான்குக்கு 8 ஆம்பியர். 11.4-க்குக் கீழே இறங்கினால் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை) அல்லது அடாப்டர் தளர்ந்துவிட்டது. அது இறங்கும்போது டிஸ்க்குகள் 'டிக்' என்று தலையை இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு "டிஸ்க் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். போனது சின்ன அடாப்டராக இருக்கும்.

கடைசியாக சிஆர்2032 பேட்டரி. மீட்டரில் 2.7-க்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். இது செத்தால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருஷம் பின்னால் போகும். பயாஸ் செட்டிங் அழியும். சில பெட்டிகள் அங்கேயே நின்றுவிடும். ஒரு டீ, வடை காசில் சரியாகும் கோளாறுக்குப் பெட்டியையே மாற்ற வேண்டாம்.

பழுது மட்டும் பார்ப்பது

டிஸ்க்குகள் நலமாக இருந்து, சிக்கல் மேலே சொன்ன கரண்ட் பக்கம் இருந்தால் இதுதான் மலிவு. வெளியே அடாப்டர் வைத்த பெட்டிகளில் அந்த அடாப்டருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் உலர்ந்திருக்கும். கெபாசிட்டரின் ஆயுள் சூட்டைப் பொறுத்தது. 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும், கூடினால் பாதியாகும். அடாப்டரைத் தரைவிரிப்பின் மேலோ புத்தகங்களுக்கு நடுவிலோ வைத்திருந்தால் அது சீக்கிரம் போனதில் அதிசயமில்லை.

மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். இரண்டு டிஸ்க் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் உருண்டைப் பின், உள்விட்டம் 2.1 மில்லியா 2.5 மில்லியா என்று பார்க்காமல் வாங்கினால் லூசாக உட்கார்ந்து தீப்பொறி அடிக்கும். நான்கு டிஸ்க் பெட்டிகளில் பலவற்றுக்கு நான்கு முள் வட்டப் பிளக். இங்கேதான் கவனம். ஒரே வடிவத்தில் இருந்தாலும் எந்த முள்ளில் 12 வோல்ட், எந்த முள்ளில் கிரவுண்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செருகும் முன் பழையதையும் புதியதையும் மீட்டரில் ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பாகச் செருகினால் போர்டும் டிஸ்க்கும் ஒரே நொடியில் போகும்.

ஒரு வகைப் பெட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்டெல் ஆட்டம் சி2000 வரிசை சிப்பில் ஓடியவை. சினாலஜி டிஎஸ்415 பிளஸ், டிஎஸ்1515 பிளஸ் இதில் சேரும். அந்த சிப்பின் ஆரம்ப வடிவத்தில் க்ளாக் சிக்னல் தரும் பகுதி காலப்போக்கில் தளர்ந்து, பெட்டி பூட் ஆகாமல் போகும். 2017 தொடக்கத்தில் இன்டெல்லே இதைத் தன் பிழைப் பட்டியலில் ஏவிஆர்54 என்ற எண்ணில் சேர்த்தது. அறிகுறி: நேற்று வரை ஓடியது, அணைத்து ஆன் செய்தால் விளக்கு மட்டும் மினுக்கும். போர்டில் க்ளாக் முள்ளுக்கும் அதன் வோல்ட் முள்ளுக்கும் நடுவே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை சால்டர் செய்தால் பல பெட்டிகள் உயிர் பெறும். மொபைல் சர்வீஸ் செய்கிற நல்ல கை இருந்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் இது ஊன்றுகோல் மாதிரி. டேட்டாவை வெளியே எடுக்கும் வரை தாங்கும் என்று நம்பலாம், அதன்மேல் இன்னும் ஐந்து வருஷத்துக்குத் திட்டம் போட வேண்டாம்.

ஃபேனை மாற்றும்போது அளவும் முள் எண்ணிக்கையும் பாருங்கள். ஜென்8-ல் இருப்பது எச்பியின் சொந்த ஆறு முள் பிளக். கடையில் கிடைக்கும் நான்கு முள் 120 மில்லி ஃபேன் அதில் நேராகப் பொருந்தாது. ப்ராசஸர் மேல் காய்ந்து சுண்ணாம்பாகிப் போன தெர்மல் பேஸ்ட்டையும் அப்போதே துடைத்து, பட்டாணி அளவு புதிது வையுங்கள்.

இந்த வழியின் எல்லை மென்பொருள். கம்பெனி அப்டேட் நிறுத்திய பெட்டியை வீட்டுக்குள் மட்டும் ஓட்டலாம், இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்கக் கூடாது. 2021-ல் க்யூலாக்கர், 2022-ல் டெட்போல்ட் என்று வந்த மிரட்டல் வைரஸ்கள் இன்டர்நெட்டில் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளைத் தேடித்தான் பூட்டின. இன்னொன்று, மிகப் பழைய பெட்டி எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு மொழியை மட்டும் பேசும். 2017 கடைசியிலிருந்து வரும் விண்டோஸ் 10-ல் அது இயல்பாக இருக்காது. "நெட்வொர்க்கில் தெரியவில்லை" என்ற புகார்களில் நிறைய இதுதான். விண்டோஸில் எஸ்எம்பி1-ஐ மறுபடி ஆன் செய்வது பூட்டு சிக்குகிறதென்று கதவையே கழற்றி வைப்பதுபோல.

டிஸ்க்கை மட்டும் மாற்றுவது

நான்கு 4 டிபி டிஸ்க் ரெய்டு 5-ல், ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக, கிடைப்பது 12 டிபி. அதே 12 டிபியை இரண்டு 12 டிபி டிஸ்க்கைக் கண்ணாடி மாதிரி, இரண்டிலும் ஒரே டேட்டா இருக்கும்படி ஜோடியாக வைத்தும் பெறலாம். ஒரு டிஸ்க் சும்மா சுழல்வதற்கே 4, 5 வாட் ஆகும். இரண்டு குறைந்தால் சூடும் கரண்டும் குறையும், இரண்டு இடம் காலியாகும். ஜோடியில் ஒன்று போனால் மற்றதை எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் தனியாகச் செருகிப் படிக்கலாம். வீட்டுக்கு இதற்கு மேல் சிக்கலான ரெய்டு தேவையில்லை.

ஒவ்வொன்றாக எடுத்துப் பெரிய டிஸ்க் போட்டு ரீபில்டு செய்யும் முறை கையேடுகளில் நேர்த்தியாகத் தெரியும். நான்கு டிஸ்க் என்றால் நான்கு ரீபில்டு. 4 டிபியை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தால் ஒரு தடவைக்கு ஏழரை மணி நேரம். நடைமுறையில் பத்து, பன்னிரண்டு. பழைய டிஸ்க்குகள் நாற்பது மணி நேரம் விடாமல் உழைக்க வேண்டும், அதுவும் சித்திரை வெயிலில். இதைவிட நல்ல வழி: புது இரண்டையும் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, புதிதாக வால்யூம் (சேமிப்புப் பகுதி) உருவாக்கி, நெட்வொர்க் வழியாக இழுத்துக்கொள்வது. 8 டிபி டேட்டாவுக்குச் சுமார் 20 மணி நேரம். பழைய டிஸ்க்குகளை ஒரே ஒரு தடவைதான் படிக்கிறோம், எதையும் அழிப்பதில்லை. நடுவில் கரண்ட் போனாலும் ஆர்சிங்க் என்ற காப்பி நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும் செக்சம் (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) பார்த்து ஒப்பிடும் ஓட்டம் ஒன்று ஓட்டிவிட்டு, பழைய நான்கையும் சீரியல் எண்ணோடும் இருந்த வரிசையோடும் மார்க்கரில் எழுதி எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து ஏதோ ஃபோல்டர் விட்டுப்போனது தெரிய வந்தால் திரும்பிப் பார்க்க இடம் இருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பது. சிஎம்ஆர் டிஸ்க்கில் எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்றை மாற்றி எழுத அக்கம்பக்கத்தையும் திருப்பி எழுத வேண்டும். படங்களைக் கொட்டி வைக்கும் யுஎஸ்பி டிஸ்க்குக்குச் சரி. ரெய்டு ரீபில்டில் எழுதும் வேகம் தரைமட்டத்துக்கு வந்து, கன்ட்ரோலர் "டிஸ்க் பதில் சொல்லவில்லை" என்று வெளியே தள்ளிவிடும். நாஸ் என்று பெயர் போட்டதெல்லாம் சிஎம்ஆர் என்று நம்பாதீர்கள். டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை, ஈஎஃப்ஏஎக்ஸ் என்று முடியும் மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-ல்தான் வெளியே வந்தது. அதன் பிறகே சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர். கடைக்காரர் "அதே கம்பெனிதான் சார், விலை கம்மி" என்று நீட்டும் பாரக்கூடா 2, 4, 8 டிபி மாடல்களில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர். மேலே ஒட்டியிருக்கும் படத்தைவிட மாடல் எண்ணைப் படித்து வாங்குங்கள்.

வாரண்டியையும் பணம் கொடுக்கும் முன்பே சரிபாருங்கள். கம்பெனி தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டால் இந்தியாவில் வாரண்டி உண்டா, எந்தத் தேதி வரை என்று வரும். மணிக்கணக்கை அழித்துவிட்டுப் புதுசு என்று விற்கும் டிஸ்க்குகளும் சந்தையில் உண்டு. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இது பெரிய விவகாரமானது. ஸ்மார்ட்டில் 9-வது எண்ணான ஓடிய மணிக்கணக்கை அழித்தாலும் சீகேட் டிஸ்க்கில் ஃபார்ம் என்ற தனிப் பதிவு ஒன்று இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அது பழசு.

புது டிஸ்க்கையும் வந்த அன்றே நம்ப வேண்டாம். முதலில் நீண்ட ஸ்மார்ட் சோதனை. பிறகு பேட்பிளாக்ஸ் நிரலால் முழுக்க எழுதிப் படிக்கும் சோதனை. நான்கு வகை எழுத்து, நான்கு வாசிப்பு. 12 டிபிக்கு ஐந்தரை நாள் ஆகும். பிளாக் அளவை 4096 என்று கொடுக்காவிட்டால் பெரிய டிஸ்க்கில் அது தொடங்கவே மறுக்கும். பொறுமை இல்லாதவர்கள் ஒரு சுற்றாவது ஓட்டுங்கள். பிறவிக் கோளாறு உள்ள டிஸ்க் முதல் வாரத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும். அது கடை மாற்றிக் கொடுக்கும் நாட்களுக்குள் நடந்தால் நல்லது. இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்காதீர்கள்.

மாட்டும்போது இரண்டு இடத்தில் கை நிற்கும். ஒன்று ஸ்க்ரூ ஓட்டை. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகளில் அடிப்பக்க நடு ஓட்டைகள் இடம் மாறியிருக்கும்; பழைய ட்ரேயில் நான்கு ஸ்க்ரூவில் இரண்டுதான் பிடிக்கும். பக்கவாட்டில் பிடிக்கும் ட்ரே என்றால் பிரச்சினை இல்லை. இரண்டு, கரண்ட் கொடுத்தும் டிஸ்க் சுழலவே மாட்டேன் என்பது. சர்வர் ரக டிஸ்க்குகள் சிலவற்றிலும், யுஎஸ்பி பெட்டியை உடைத்து எடுத்த டிஸ்க்குகள் சிலவற்றிலும் மின் கனெக்டரின் மூன்றாவது முள்ளில் 3.3 வோல்ட் வந்தால் 'அணைந்து இரு' என்று பொருள். பழைய எஸ்எம்பிஎஸ் அந்த முள்ளுக்கு எப்போதும் 3.3 கொடுத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். முதல் மூன்று முட்களின் மேல் சூடு தாங்கும் காப்டன் டேப்பை மெல்லிய பட்டையாக ஒட்டினால் எழுந்துகொள்ளும்.

32 பிட் ப்ராசஸர் உள்ள சின்னப் பெட்டி என்றால் ஒரு வால்யூம் 16 டிபிக்கு மேல் போகாது. அதற்குமேல் டிஸ்க் வாங்கிப் பயனில்லை.

மதர்போர்டு மாற்றுவதும், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரும்

இன்டெல் என்100 சிப் 2023-ல் வந்தது, 6 வாட் ரகம். அது ஒட்டிய சின்ன மதர்போர்டு, இரண்டு டிஸ்க், 16 ஜிபி ரேம் எல்லாம் சேர்ந்து சும்மா இருக்கும்போது 20 வாட் பக்கம் நிற்கும். நான்கு டிஸ்க் பழைய பெட்டி 45, 50 வாட் இழுக்கும். வித்தியாசம் 27 வாட் என்றால் வருஷத்துக்கு 236 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 1,900 ரூபாய்க்குள். அதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரண்டு டிஸ்க்கைக் குறைத்ததால் வருவது. போர்டு மாற்றாமலே கிடைத்திருக்கும். இரண்டு மாத பில்லில் 500 யூனிட் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்கு மட்டும் இந்த 39 யூனிட் வேறு கணக்கு. எல்லையைத் தாண்டினால் கீழ்ப்படி விகிதங்களே மாறிவிடும்.

இந்த போர்டுகளில் இரண்டு வகை உண்டு. பெயர் பெற்ற கம்பெனிகளின் போர்டில் சாட்டா போர்ட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், வாரண்டி இருக்கும். ஆறு சாட்டா தரும் பெயரில்லாத போர்டுகளுக்கு நம்மூரில் வாரண்டி தேட முடியாது. கூடுதல் போர்ட்டுக்கு கார்டு வாங்கினால் ஜேஎம்பி585 அல்லது ஏஎஸ்எம்1166 சிப் உள்ளதாகப் பாருங்கள். ஒரே சாட்டாவை ஐந்தாகப் பிரிக்கும் மல்டிப்ளையர் கார்டு வேண்டாம். ஒரு டிஸ்க் தடுமாறினால் அதிலுள்ள எல்லா டிஸ்க்கும் ஒன்றாக மறையும்.

லீஸ் முடிந்து பெங்களூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இன்னொரு வழி. எட்டாம் தலைமுறை ஐ5 உள்ள டவர் பெட்டி, வேலை இல்லாதபோது 20 வாட் பக்கம் இழுக்கும், வீடியோ மாற்றும் வேலையை அலட்சியமாகச் செய்யும். உதிரி பாகம் சேலத்திலேயே கிடைக்கும். குறை, எஸ்எம்பிஎஸ் பிளக் அந்தந்தக் கம்பெனிக்குத் தனி. சாட்டா மின் கனெக்டர் இரண்டுக்கு மேல் இருக்காது. அப்போது மோலெக்ஸ் என்ற பழைய நான்கு முள் மின் பிளக்கிலிருந்து பிரிக்கும் வயர் வாங்குவார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி அடைத்த மலிவு வகை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். வயர் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடித்துப் பிடித்த வகையை மட்டும் வாங்குங்கள். 'ஸ்லிம்' வகைப் பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள், இரண்டாவது டிஸ்க்குக்கே இடம் தகராறு.

இரண்டு வழியிலும் ஓப்பன்மீடியாவால்ட் அல்லது ட்ரூநாஸ் என்ற இலவச நாஸ் மென்பொருளைப் போடலாம். ட்ரூநாஸில் ஒரு எச்சரிக்கை: இசட்எஃப்எஸ் பூலை (அது டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) புது வெர்ஷனுக்கு 'அப்கிரேட்' செய்யும் பட்டன் ஒருவழிப் பாதை. பழைய சிஸ்டத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம் என்ற நிலையில் அதை அமுக்காதீர்கள். ரெய்டு-இசட்டில் (இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு) பின்னால் ஒரு டிஸ்க் சேர்ப்பது முன்பு முடியாது. 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3-லிருந்து முடியும்.

புதுப் பெட்டி

பணம் அதிகம், தலைவலி குறைவு. வீட்டில் பெட்டியை நோண்டும் ஆள் ஒருவர்தான், அவரும் வெளியூரில் வேலை பார்க்கிறார் என்றால் இதுவே சரி. வாங்கும் முன் எந்த டிஸ்க்கையெல்லாம் ஏற்கும் என்று பாருங்கள். சினாலஜி 2025-ல் வெளியிட்ட பிளஸ் மாடல்களில் தன் பட்டியலில் உள்ள டிஸ்க் மட்டும் என்று கெடுபிடி செய்து, அதே வருஷம் அக்டோபரில் தன் டிஎஸ்எம் 7.3 மென்பொருளில் தளர்த்தியது. பழைய சினாலஜி பெட்டி செத்துவிட்டாலும் அதன் டிஸ்க்குகளை உபுண்டு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்கலாம். உள்ளே இருப்பது சாதாரண லினக்ஸ் ரெய்டும் எல்விஎம்மும்தான். "டேட்டா ரெக்கவரி" என்று பெரிய தொகை கேட்பவரிடம் போகும் முன் இதை முயன்று பாருங்கள்.

வெயில், பஞ்சு, பல்லி, கரண்ட்

மேலே சொன்ன எந்த வழியானாலும் இடம் சரியில்லை என்றால் மூன்று வருஷத்தில் இதே கட்டுரையைத் திரும்பப் படிக்க வேண்டிவரும். மே மாதம் சேலத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை ராத்திரி ஒன்பது மணிக்கும் 35 டிகிரியில் இருக்கும். டிஸ்க் அதைவிட 12 டிகிரி கூடுதலாக ஓடும்; 47 ஆகிவிட்டது. 45-க்குள் வைப்பது நல்லது. கீழ்த்தளம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூடிய டிவி அலமாரிக்கு வெளியே, பரணில் வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்தில் கண்டிப்பாக வேண்டாம். சார்ஜ் ஆகும்போது கிளம்பும் ஆசிட் ஆவி கனெக்டரையும் போர்டின் செம்புக் கோடுகளையும் பச்சை பிடிக்க வைக்கும்.

தறி ஓடும் தெருவில் பஞ்சுத் தூசி ஃபேனில் மெத்தை மாதிரி படியும். மாதம் ஒருமுறை பிளோயர் அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வெறித்தனமாகச் சுற்றினால் பேரிங் போகும். எஸ்எம்பிஎஸ் பின்பக்க ஓட்டையில் நைலான் கொசுவலைத் துண்டு ஒன்று ஒட்டுங்கள். கதகதப்புக்கு உள்ளே போகும் பல்லி இரண்டு சாலிடர் புள்ளிகளுக்கு நடுவே பாலம் போட்டு, தானும் செத்து பெட்டியையும் கொல்லும். சர்வீஸ் கடைக்காரர்களைக் கேட்டால் சிரிக்காமல் சொல்வார்கள்.

யுபிஎஸ்ஸுக்கு 600 விஏ லைன் இன்டராக்டிவ் ரகமே போதும். 50 வாட் லோடுக்குப் புது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கும். ஆனால் யுஎஸ்பி வயரில் நாஸுக்குத் தகவல் சொல்லும் வகையாக இருக்க வேண்டும். நட் என்ற நிரலை அமைத்து, பேட்டரியில் ஐந்து நிமிஷம் ஓடியதும் ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்படி வையுங்கள். விலை குறைந்த யுபிஎஸ் பலவும் இதில் க்யூஎக்ஸ் டிரைவரில் பேசும். அமைத்த அன்றே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். பேட்டரி இரண்டு, மூன்று வருஷத்தில் போகும்.

"வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்பது அடிக்கடி வரும் கேள்வி. இன்வெர்ட்டர் பேட்டரி காலியாகப் போகிறது என்று நாஸுக்குச் சொல்ல ஆளில்லை; மின்வாரியத்தின் மாதாந்திர ஷட்டவுன் நாளில் மத்தியானம் வரை ஓடி, எழுதிக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று அணையும். இரண்டும் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் தரும் கரண்ட்டைப் பல யுபிஎஸ்கள் நல்ல கரண்ட்டாக ஏற்காமல் தன் பேட்டரியையே தின்று தீர்க்கும். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுப்பதைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ்ஸும் அதில் தடுமாறும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும், அதன் சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கட்டும். எர்த் சரியா என்று நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். 2, 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

மலைமேல் ஒரு பிரதி

ரெய்டு என்பது டிஸ்க் போனால் காக்கும். தப்பாக அழித்ததையும், திருட்டையும், இடியையும் காக்காது. சேலத்தில் வீடும் ஏற்காட்டில் தோட்டமோ உறவினர் வீடோ உள்ளவர்களுக்கு இரண்டாவது பிரதிக்கு இடம் முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது. ஓய்வு கொடுத்த பழைய பெட்டியில், ஸ்மார்ட் சுத்தமாக உள்ள இரண்டு பழைய டிஸ்க்கைப் போட்டு அங்கே வைக்கலாம்.

முதல் பிரதியை நெட்டில் அனுப்ப முயலாதீர்கள். 40 எம்பிபிஎஸ் அப்லோடில் 4 டிபிக்கு ஒன்பது நாளுக்கு மேல். கீழே வீட்டிலேயே முழுக்க நிரப்பி, டிஸ்க்கைக் கழற்றி ஆன்டி ஸ்டாட்டிக் உறையில் போட்டு, இரண்டு விரல் தடிமன் ஸ்பாஞ்ச் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவையும் மடியில் வைத்து ஏறுங்கள். டிக்கியில் போடாதீர்கள். அதன் பிறகு தினமும் மாறியது மட்டும் போகும், அது சில நூறு எம்பிதான். ஃபைபர் இணைப்புகளில் பலவற்றுக்குத் தனி பொது ஐபி (வெளியிலிருந்து எட்டும் முகவரி) கிடைக்காது, அதனால் போர்ட் திறப்பது வேலைக்காகாது. டெயில்ஸ்கேல் என்ற தனி இணைப்பு நிரலைப் போட்டால் இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும்.

1,500 மீட்டர் உயரம் டிஸ்க்குக்கு ஒரு பொருட்டில்லை. அவற்றின் எல்லை 3,000 மீட்டர். பகை ஈரம். மூடுபனி அறைக்குள் வந்து, மாதக்கணக்கில் அணைந்து கிடக்கும் பெட்டியின் கனெக்டரில் பூஞ்சையும் பச்சையும் பிடிக்கும். அதனால் அங்கே எப்போதும் ஓடவிடுவதே நல்லது. தன் சூட்டிலேயே உலர்ந்திருக்கும். சித்திரை, வைகாசியில் இடி கூடுதல். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு செம்பு நெட்வொர்க் கேபிள் இழுத்திருந்தால் இடி அந்த வழியாக வந்து போர்ட்டைச் சுடும். அந்தத் தூரத்துக்கு மட்டும் ஃபைபரும் இரண்டு பக்கம் மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள்.

எந்த வீட்டுக்கு எது

படமும் பத்திரமும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு: பெட்டியைப் பழுது பார்த்து, இரண்டு சிஎம்ஆர் டிஸ்க், ஒரு யுபிஎஸ். போர்டு செத்துவிட்டது, நோண்டத் தெரிந்த ஆளும் இருக்கிறார் என்றால் ஆபீஸ் டவர். என்100 போர்டு அழகாக இருக்கலாம், ஆனால் கேஸ், எஸ்எம்பிஎஸ், ரேம் என்று கூட்டிப் பார்த்தால் டவரைவிட அதிகமாகிவிடும். ஸ்டூடியோ வைத்து மாதம் 200 ஜிபி கல்யாண வீடியோ சேர்கிறவர்கள் மட்டும் 2.5 கிகாபிட்டும் புதுப் பெட்டியும் யோசிக்கலாம். ஆட்டம் சி2000 பெட்டி வைத்திருப்பவர்கள், அது இன்று நன்றாக ஓடினாலும், டேட்டாவை இந்த மாதமே வெளியே எடுங்கள். எடுத்து முடியும்வரை அணைக்காதீர்கள்.

197 ஏறிய பழைய டிஸ்க்கைப் பழைய இரும்புக் கடையில் அப்படியே போட வேண்டாம். நல்ல டிஸ்க் என்றால் ஒருமுறை முழுக்கப் பூஜ்யம் எழுதினால் போதும். படிக்க முடியாத செக்டர் உள்ளதில் எழுதுவதும் பாதியில் நிற்கலாம். அதற்கு டி8 டார்க்ஸ் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வேண்டும். மேல் மூடியின் ஓரத்து ஸ்க்ரூக்களைக் கழற்றியும் திறக்காவிட்டால், லேபிளுக்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கும். விரலால் தடவினால் குழி தெரியும். உள்ளே இருக்கும் வட்டத் தகடுகளை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கடைக்குப் போடுங்கள். 3.5 அங்குல டிஸ்க்கில் பெரும்பாலும் அலுமினியம், வளைத்துவிடலாம். சிலவற்றில் கண்ணாடி, துணியில் சுற்றித் தட்டுங்கள்.